கற்பிட்டிப் பாசிக்கு வந்த பெயர்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த காலத்தில், நோன்பு மாதப் பின்னேரங்களில் பக்கத்து வீட்டு அன்ரி கஞ்சியோடு ஒரு பீங்கானில் கடற்பாசியும் அனுப்புவார். மேல்பாதி பால் வெள்ளை, கீழ்ப்பாதி றோசாச் சிவப்பு. அவர் வீட்டிலும் பிரிஜ் இல்லை. "இந்தப் புழுக்கத்தில் மேசையில் வைத்தே எப்படி உறையுது?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார்.

இப்போது வெள்ளவத்தையில் நானே காய்ச்சுகிறேன். கடையில் கேட்டால், "சைனா கிராஸ்தானே அக்கா?" என்று வெள்ளை இழைப் பொதியை நீட்டுகிறான் பொடியன். அந்தப் பெயர்தான் எனக்கு உறுத்துகிறது. 19ஆம் நூற்றாண்டின் மருந்து நூல்களில் இதே வேலை செய்த ஒரு பாசிக்குப் பெயர் 'சிலோன் மொஸ்'.

அது புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட களப்பில் விளைந்தது. இன்றைய அறிவியற் பெயர் கிராசிலேரியா எடூலிஸ். இந்தியாவின் பயன்தரு தாவரங்கள் பற்றி 1858இல் ஹீபர் ட்ரூரி எழுதிய நூலில் அதன் பக்குவம் இருக்கிறது. தென்மேல் பருவக்காற்று களப்பைக் கலக்கும்போது பாசி கழன்று வரும். ஊரார் அதைச் சேர்த்துப் பாயில் பரப்பி, இரண்டு மூன்று நாள் காயவிடுவார்கள். பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசி மறுபடி வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். அதைக் குவித்துக் கப்பலேற்றுவார்கள். பின்னாளில் இந்தியாவில் தந்தி அமைத்த வில்லியம் ஓஷாநசி, 1830களில் கல்கத்தாவில் இதைப் பகுத்துப் பார்த்து, பாதிக்கு மேல் கூழ்ப்பொருள் என்று கண்டார். நோயாளிக்கும் குழந்தைக்கும் உகந்த உணவென்று மேல்நாட்டு மருத்துவர்கள் எழுதினார்கள்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் ஜெர்மனியில் கிடைத்தது. கிருமி வளர்க்கப் பயன்பட்ட ஜெலற்றின் வெயிலில் இளகியதால் ஆய்வாளர் வால்தர் ஹெஸ்ஸ திண்டாடினார். 1881இல் அவர் மனைவி ஃபேனி, ஜாவாவில் வாழ்ந்த பழைய அயலாரிடம் அறிந்திருந்த அகர் என்ற பாசிக்கூழைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பாசிக்கூழ் 40 பாகைக்குக் கிட்டவே உறைந்துவிடும். திரும்ப இளக 85 பாகை வேண்டும். கொழும்பு வெயில் அதற்கு எம்மட்டு!

யப்பானியர் அகரைக் குளிரில் உறையவைத்து உலர்த்தி இழையாக்கினார்கள். உலகச் சந்தை அவர்கள் கைக்குப் போனது. இங்கே பொதியில் சீனாவின் பெயர் ஏறியது.

போன கிழமை வேண்டுமென்றே "கடற்பாசி தா" என்றேன். பொடியன் கொஞ்சம் யோசித்து அதே பொதியை எடுத்தான். அன்ரி ஒருநாளும் அதை வேறு பெயரால் சொன்னதில்லை.