டௌயினும் சீனக் கல்லூரி மாணவர்களும்

சீனப் பல்கலைக்கழக மாணவர்களின் நம்பிக்கைகளையும் விழுமியங்களையும் குறுங்காணொளிகள் எப்படி மாற்றுகின்றன என்பது, அந்நாட்டுக் கல்வியாளர்களும் அரசும் ஒருசேரக் கவலைப்படும் பொருள். குறுங்காணொளிச் செயலிகளுள் முதன்மையானது பைட்டான்ஸ் நிறுவனம் 2016 செப்டம்பரில் தொடங்கிய டௌயின். டிக்டாக் அதன் வெளிநாட்டு வடிவம்.

பயனர் யாரைப் பின்தொடர்கிறார் என்பதைவிட, எதை எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதே இச்செயலியின் பரிந்துரைக் கணக்கில் பெரிது. முதுநிலை நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் மாணவி ஒருவர், மேசை விளக்கும் கடிகாரமும் தெரிய நள்ளிரவுவரை யாரோ படிக்கும் காணொளியை முழுதாகப் பார்த்துவிட்டால் போதும். அதே வகைக் காணொளிகள் வரிசைகட்டி வரும். ஊரே விழித்திருந்து படிப்பதாகவும் தான் மட்டும் பின்தங்கிவிட்டதாகவும் அவருக்குத் தோன்றும். 2023 சேர்க்கைக்கான அத்தேர்வுக்கு 47.4 லட்சம் பேர் விண்ணப்பித்தனர் என்பதால், அந்த அச்சம் வெறும் பிரமையும் அல்ல.

இதில் யாரும் யாரிடமும் வாதிடுவதில்லை. திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதே மனத்தில் பதிந்துவிடுகிறது. பலமுறை கேட்ட கூற்று உண்மைபோலத் தோன்றும் என்பதை ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டாப்பினோ ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 1977இலேயே காட்டினர். அவர்களின் சோதனையில் பங்கேற்றவர்களும் கல்லூரி மாணவர்களே.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2018 ஏப்ரலில் பைட்டான்ஸின் நகைச்சுவைச் செயலி ஒன்றை மூடவைத்தது. அது சோஷலிச அடிப்படை விழுமியங்களுக்குப் பொருந்தவில்லை என்று ஒப்புக்கொண்டு நிறுவனர் ஜாங் யிமிங் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதேவேளை, கம்யூனிஸ்ட் இளைஞர் கழகம் டௌயினிலேயே தன் பரப்புரையை நடத்துகிறது. 14 வயதுக்கு உட்பட்டோருக்கு 2021இல் வந்த 40 நிமிட தினசரி வரம்பு கல்லூரி மாணவர்களுக்கு இல்லை. பரிந்துரையை அணைத்துவைக்கும் வசதியை எல்லாப் பயனர்களுக்கும் தருவது 2022 மார்ச் முதல் கட்டாயமாக்கப்பட்டது.

ஆயினும் மாணவர்களின் மனமாற்றத்துக்கான பழி முழுவதையும் செயலியின் தலையில் கட்டுவது தவறு. 'ஓடியது போதும், படுத்துக்கொள்' என்னும் 'தாங்பிங்' மனநிலை 2021இல் பைடு தளத்தில் எழுத்தாகப் பிறந்ததே தவிர, காணொளியாக அல்ல. அதற்கு உரமிட்டது வேலைச் சந்தை. 2023 ஜூனில் 16–24 வயது நகர்ப்புற இளைஞரிடையே வேலையின்மை 21.3 விழுக்காடு. அந்த ஆகஸ்டில் இப்புள்ளிவிவரத்தை வெளியிடுவதை அரசு நிறுத்தியது. பின்னர், படித்துக்கொண்டிருப்போரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுத்தான் மீண்டும் வெளியிட்டது.