கம்பாத்துச் செம்மணிகள்

ஆண்டு விழாவுக்கென நம் சங்கத்துப் பெண்மணிகள் சிலர் வெள்ளிக் கம்பியிலே செம்மணிகளைக் கோத்து மாலைகள் செய்துள்ளனர். மணியின் துளையிற் கம்பியை நுழைத்து, இரு முனைகளையும் வளையமாக முறுக்கி, ஒன்றோடொன்று மாட்டிச் சங்கிலியாக்கும் அவர்தம் கைத்திறம் பாராட்டத்தக்கது. "இம்மணிகள் எங்கிருந்து வந்தவை?" என்று வினவினோம். "அகீக் மணி, கடைத்தெருவில் வாங்கினோம்" என்றனர். அக்கடைத்தெருவுக்குப் பின்னே நாலாயிரம் ஆண்டு வரலாறு நிற்கின்றது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

அகீக் கற்களுள் செந்நிறம் வாய்ந்ததை நம் ஆய்வாளர் சூதுபவளம் என்பர். நருமதையாற்றுக்குத் தென்பால், பரூச் மாவட்டத்து ரத்தன்பூர்ப் பகுதியிலே அது தோண்டி எடுக்கப்பட்டது. காம்பே என்றும் வழங்கும் கம்பாத் நகரிலே அது மணியாயிற்று.

இத்தொழிலின் தொன்மைக்கு லோத்தல் சான்று பகர்கின்றது. 1955 முதல் 1960 வரை திரு. எஸ். ஆர். ராவ் அவர்கள் அங்கு நடத்திய அகழாய்வில், மணி செய்யும் பட்டறையும் சூளையும் வெளிப்பட்டன. சிந்துவெளி மக்களின் நீண்ட சூதுபவள மணிகள் மெசப்பொத்தேமியாவின் அரச கல்லறைகளிலும் கிடைத்துள்ளன.

கல் மணியாவது எளிதன்று. முதலில் அதனை வெயிலில் உலர்த்துவர். பின்னர் மண்கலத்தில் இட்டு வரட்டி நெருப்பில் வாட்டுவர். கல்லிலுள்ள இரும்புச் சத்து சூட்டினால் மாற, மங்கிய பழுப்பு நிறம் செந்நிறமாகும். நிலத்தில் நாட்டிய இரும்பு முனைமீது கல்லைச் சார்த்தி, எருமைக் கொம்புச் சுத்தியலால் தட்டிச் செதுக்குவர், சாணையில் தேய்ப்பர், வைரத் துணுக்குப் பதித்த ஊசியை வில்லாற் சுழற்றித் துளையிடுவர், இறுதியில் மெருகேற்றுவர். ஒரு மணி பல கைகளைக் கடந்தே நம் கைக்கு வருகின்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஈரோடு மாவட்டத்தில் நொய்யற்கரையில் உள்ளது கொடுமணல். பதிற்றுப்பத்து வேலைப்பாடு மிக்க அணிகலன்களுக்காகப் போற்றும் கொடுமணம் இவ்வூரே என்பர் அறிஞர். 1985 முதல் இங்கு நடந்த அகழாய்வுகளில், செய்து முடித்த மணிகளும், துளையிடாது பாதியில் நின்ற மணிகளும் கிடைத்தன. பச்சைக்கல் அண்மையிலுள்ள படியூரிலே கிடைப்பது. சூதுபவளமோ கொங்கு மண்ணில் விளைவதன்று. அது குசராத்திலிருந்து சென்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. நாம் பிழைப்பு நாடி இங்கு வருவதற்கு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே இந்நாட்டுக் கல் நம் நாட்டை நாடிச் சென்றது! அதனைத் தமிழ்க் கைகள் மணியாக்கின. இந்நாட்டோடு நமக்குள்ள உறவு வீட்டு வாடகையோடு தொடங்கியதன்று.

உறவு என்றால் கடமையும் உண்டு. மின்விசைச் சாணை வந்தபின் வேலை விரைந்தது. கல் தூசும் பறந்தது. அத்தூசு நுரையீரலிற் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயை விளைக்கின்றது. அதனை முற்றும் போக்கும் மருந்தில்லை. காச நோயென்று மயங்கி மருந்துண்டோரும் உளர். பட்டறை வீட்டோடு இருப்பின், சாணையைத் தொடாத மனைவி மக்களும் அத்தூசையே உட்கொள்கின்றனர். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் இதனை ஆராய்ந்து எடுத்துரைத்துள்ளது. தூசை உறிஞ்சும் கருவி உண்டு; அதனை வாங்கக் கூலி போதவேண்டும்.

ஆதலின் நம் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மணி வாங்கும்போது நாலணா குறைக்க வாதாடும் வழக்கத்தை இவ்வொரு பொருளிலேனும் விட்டுவிடுவோம். இயன்றபோது கம்பாத்துக்கே சென்று, செய்தவர் கையிலிருந்தே வாங்குவோம். பட்டறையில் தூசுக்கு வழி செய்துள்ளனரா என்று கேட்போம். கழுத்திலே ஒளிரும் செம்மை, ஒருவர் மூச்சைக் குடித்த செம்மையாக இருத்தலாகாது.