உண்டியலுக்கு ரெண்டு பூட்டு: விர்ச்சுவல் மெஷினுக்கு வேலி வந்த கதை

திருவள்ளூர்லேர்ந்து திருத்தணி ரோட்டுல கிளம்பினா கொஞ்ச தூரத்துலயே திருப்பாச்சூர் வந்துடும். அப்பரும் சம்பந்தரும் பாடின வாசீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். பாசுன்னா மூங்கில். ஒரு காலத்துல மூங்கில் காடா இருந்ததால இந்தப் பேர்னு சொல்வாங்க. ஆனா இன்னைக்கு நாம பேசப் போறது தல வரலாறு இல்லை. அறநிலையத் துறைக் கோயில் எதுக்குள்ள போனாலும் நீங்க பார்க்கிற ஒரு பொருளைப் பத்தி: உண்டியல்.

உங்க வீட்டுச் சாவி உங்க விருப்பம். தம்பிகிட்ட கொடுக்கலாம், பக்கத்து வீட்டு அக்காகிட்ட கொடுக்கலாம், யாரும் கேட்க மாட்டாங்க. உண்டியல் அப்படி இல்லை. கோயிலையே நிர்வாகம் பண்ற அதிகாரி நினைச்சாலும் அதைத் தனியா திறந்துட முடியாது. சீல் இருக்கும், ஒன்னுக்கு மேல பூட்டு இருக்கும், திறக்கும்போது துறை ஆளுங்க கூட இருக்கணும். இதுல அந்த அதிகாரி நல்லவரா கெட்டவராங்கிற கேள்வியே வராது. விதி அவருக்கும் மேல உட்கார்ந்திருக்கு.

கம்ப்யூட்டர்லயும் இந்த ரெண்டு வகை உண்டு. ஃபைலோட சொந்தக்காரர் யாருக்கு வேணும்னாலும் அனுமதி கொடுக்கலாம்னா அது டிஸ்க்ரீஷனரி ஆக்சஸ் கன்ட்ரோல், நம்ம வீட்டுச் சாவி. சொந்தக்காரராலயே மாத்த முடியாத விதியை சிஸ்டம் போட்டா அது மேண்டேட்டரி ஆக்சஸ் கன்ட்ரோல், உண்டியல். இந்த ரெண்டாவது வகை பொறந்து, பல வருஷம் யாருக்கும் வேண்டாததா கிடந்து, கடைசியில கிளவுட் சர்வர்கள்ல உட்கார்ந்த கதைதான் இந்த எபிசோடு.

ஆரம்பம் ராணுவம். 1960-கள்ல ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்துல பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. அமெரிக்க விமானப் படைக்கு உடனே ஒரு கவலை வந்தது: ரகசிய வேலை பார்க்கிறவரும் சாதாரண வேலை பார்க்கிறவரும் ஒரே மெஷின்ல இருந்தா என்ன ஆகும்? 1972-ல ஜேம்ஸ் ஆண்டர்சன் எழுதின அறிக்கை, ஒவ்வொரு அனுமதியையும் ஒரு காவலாளி பார்த்துதான் விடணும், அவனை யாரும் சுத்தி வளைச்சுப் போகக் கூடாது, அவன் சரியா வேலை செய்றான்னு சோதிச்சுப் பார்க்கிற அளவுக்கு அவன் சின்னதா இருக்கணும்னு சொன்னது. 1973-ல டேவிட் பெல்லும் லியனார்ட் லபடுலாவும் அதுக்குக் கணக்கு வடிவம் கொடுத்தாங்க. கீழ் நிலையில இருக்கிறவன் மேல் நிலை ஃபைலைப் படிக்கக் கூடாது. மேல் நிலையில இருக்கிறவன் கீழ் நிலை ஃபைல்ல எழுதக் கூடாது. ரெண்டாவது விதியைக் கேட்டா முதல்ல விசித்திரமா இருக்கும். மேல இருக்கிறவன் எழுதினா என்ன? எழுதினா ரகசியம் அது வழியா கீழ ஒழுகிடும், அதான்.

அதே 1972-லதான் ஐபிஎம் தன்னோட விஎம்/370-ஐ அறிவிச்சது. ஒரே இரும்புக்குள்ள பல கம்ப்யூட்டர்கள் தனித்தனியா இருக்கிற மாதிரி காட்டுற வித்தை, இன்னைக்கு நாம சொல்ற விர்ச்சுவல் மெஷின். ரெண்டு யோசனையையும் சேர்த்துப் பார்க்கலாமேன்னு எழுபதுகள்லயே முயற்சி பண்ணாங்க. அந்தத் திட்டத்தோட பேர் கேவிஎம்/370. இன்னைக்கு லினக்ஸ்ல இருக்கிற கேவிஎம்முக்கும் அதுக்கும் பேர் மட்டும்தான் ஒன்னு, ரத்த உறவு எதுவும் இல்லை. அது வேலை செஞ்சது, ஆனா ரொம்ப மெதுவா.

அடுத்தது இன்னும் சோகம். 1980-கள்ல டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி பால் கார்கர் மாதிரி ஆளுங்களை வெச்சு, வாக்ஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு பாதுகாப்பான ஹைப்பர்வைசர் கட்டினது. அமெரிக்க அரசாங்கத்தோட ‘ஆரஞ்சுப் புத்தக’த் தரவரிசையில உச்சமான ஏ1-தான் குறி. உண்மையான வாடிக்கையாளர்கிட்ட ஓட்டிப் பார்க்கிற கட்டம் வரைக்கும் போய், 1990-ல மூடிட்டாங்க. வாங்க போதுமான ஆள் இல்லை. ஓடாததால மூடின திட்டங்கள் நிறைய இருக்கு. இது ஓடியும் மூடின ஒன்னு. எனக்கு இந்த வரலாற்றுலயே மனசுல தங்கின இடம் இதுதான்.

2000 டிசம்பர்ல அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ, எஸ்இ-லினக்ஸை எல்லாரும் எடுத்துக்கலாம்னு வெளியிட்டது. 2003 டிசம்பர்ல வந்த லினக்ஸ் 2.6 கெர்னல்ல அது அதிகாரபூர்வமா சேர்ந்தது. 2004-ல ஃபெடோரா கோர் 2-க்கான சோதனையில இதை முழு இறுக்கத்தோட ஆன் பண்ணிப் பார்த்தாங்க. எதுவும் ஓடலைன்னு ஒரே கூச்சல். கடைசியில ஆஃப் பண்ணித்தான் வெளியிட்டாங்க. அடுத்த பதிப்புல, எல்லாத்தையும் இறுக்காம வெளி உலகத்தோட பேசுற சில சேவைகளை மட்டும் இறுக்கினாங்க. அது நின்னது.

ஆனா ஆஃப் பண்ற பழக்கம் போகலை. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சீனியர் அண்ணன் ஒருத்தர் சர்வர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொன்ன முதல் பாடம்: “தம்பி, எது ஓடலைன்னாலும் முதல்ல எஸ்இ-லினக்ஸை ஆஃப் பண்ணு.” செட்-என்ஃபோர்ஸ், ஸ்பேஸ், பூஜ்யம், என்ட்டர். ரெண்டு வருஷம் நானும் அப்படித்தான் பண்ணேன். அந்த ஒரே பெட்டிக்குள்ள பில்லிங், கேட் அட்டெண்டன்ஸ், வெளியாளுங்க வந்து பார்க்கிற வெண்டர் போர்ட்டல்னு மூணு விர்ச்சுவல் மெஷின் ஓடினது. அதோட அர்த்தம் எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு.

அர்த்தம் இதுதான். 2007 பிப்ரவரியில லினக்ஸ் 2.6.20-ல கேவிஎம் வந்தது. உள்ள இருந்து பார்த்தா விர்ச்சுவல் மெஷின் ஒரு முழுக் கம்ப்யூட்டர். வெளிய, ஹோஸ்ட்ல இருந்து பார்த்தா அது க்யூஎமுங்கிற சாதாரண ப்ராசஸ், உங்க பிரௌசர் மாதிரி ஒன்னு. நம்ம சிப்காட் பக்கத்து பழைய லைன் வீடுகளை நினைச்சுப் பாருங்க. பத்து ரூம், பத்துப் பூட்டு. ஆனா ஓட்டுக் கூரை ஒன்னுதான், நடுச் சுவர் கூரை வரைக்கும் போகாது. பரண்ல ஏறினவன் எந்த ரூம்லயும் இறங்கலாம். க்யூஎமு ப்ராசஸ்களும் அப்படித்தான் இருந்தது: ஒன்னு ரூட்டா ஓடும், இல்லைன்னா எல்லாமே ஒரே யூசர் பேர்ல ஓடும். வெண்டர் போர்ட்டலை உடைச்சு க்யூஎமுவுக்குள்ள வந்தவனுக்கு, பில்லிங்கோட டிஸ்க் ஃபைல் பக்கத்து ரூம்.

2008 ஆகஸ்ட்ல ஜேம்ஸ் மோரிஸ் எஸ்விர்ட்டுங்கிற திட்டத்தை முன்வெச்சார். 2009 ஜூன்ல ஃபெடோரா 11-ல அது வந்தது. யோசனை ரொம்ப எளிமை. ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினும் கிளம்பும்போது, லிப்விர்ட் 0-லேர்ந்து 1023 வரைக்கும் ரெண்டு எண்ணைக் குலுக்கி எடுக்கும். 87, 520-ன்னு வெச்சுக்கோங்க. அந்த ப்ராசஸ் மேல அந்த லேபிள், அதோட டிஸ்க் ஃபைல் மேலயும் அதே லேபிள். லேபிள் பொருந்தலைன்னா கெர்னல் கதவைத் திறக்காது. ப்ராசஸ் ரூட்டா இருந்தாலும் சரி. மொத்தம் 5,23,776 ஜோடி கிடைக்கும், ஒரு பெட்டிக்குத் தாராளம். அதே 2009 அக்டோபர்ல உபுண்டு 9.10, லேபிளுக்குப் பதிலா ஃபைல் பாதையை வெச்சு வேலி போடற ஆப்-ஆர்மர்ல இதையே செஞ்சது.

இதுல ஒரு விஷயம் தலைகீழா மாறினதைப் பாருங்க. பெல்–லபடுலா காலத்துக் கேள்வி “இந்த ஆளுக்கு எந்த ரகசியம் வரைக்கும் உரிமை?” எஸ்விர்ட் ஆளைப் பத்திக் கவலையே படலை. “இந்த ப்ராசஸ் ஏற்கெனவே கெட்டவன் கையில போயிடுச்சு, இப்போ அது எது வரைக்கும் போகலாம்?” இதுதான் அதோட கேள்வி. லேபிளையும் லிப்விர்ட்டே ஒட்டிடுது, அட்மின் எதுவும் எழுத வேண்டாம். முப்பது வருஷம் யாரும் சீண்டாத யோசனை ஓடினதுக்குக் காரணம் இந்த ரெண்டும்தான்னு நான் நினைக்கிறேன்.

அந்தக் கேள்வி கற்பனை இல்லைன்னு சீக்கிரமே தெரிஞ்சது. 2011-ல நெல்சன் எல்ஹேஜ், கேவிஎம் மெஷினுக்குள்ளேர்ந்து வெளிய வந்து காட்டினார். 2015 மே மாசம் வந்ததுதான் பெரிய அதிர்ச்சி: வெனம். க்ரவுட்ஸ்ட்ரைக்ல வேலை பார்த்த ஜேசன் கெஃப்னர் கண்டுபிடிச்சது. ஓட்டை இருந்த இடம் எதுன்னு நினைக்கிறீங்க? ஃப்ளாப்பி டிரைவ். உங்கள்ல பாதிப் பேர் ஃப்ளாப்பியை ‘சேவ்’ ஐகானா மட்டும்தான் பார்த்திருப்பீங்க. 2004-லேர்ந்து அந்தக் கோட் அங்கயே கிடந்தது. மெஷின்ல ஃப்ளாப்பியே வைக்கலைன்னாலும் கோட் உயிரோட இருந்தது. எஸ்விர்ட் ஆன்ல இருந்த சர்வர்ல, உடைச்சு வெளிய வந்தவன் கையில அந்த ஒரு லேபிளுக்குள்ள இருக்கிறது மட்டும்தான். ஆஃப் பண்ணி வெச்சிருந்த சர்வர்ல, மொத்தப் பரணும்.

வெனம் செய்தி வந்தப்போ நான் ஓடிப்போய்ப் பார்த்தது அந்த மூணு மெஷின் பெட்டியைத்தான். கெட்-என்ஃபோர்ஸ் அடிச்சா ‘பெர்மிஸிவ்’னு வந்தது. அதாவது காவலாளி எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்குவான், யாரையும் தடுக்க மாட்டான். அன்னைக்கு ராத்திரி முழுக்க லாக் பார்த்து, எந்த டிஸ்க் ஃபைலை யார் தப்பான ஃபோல்டர்ல வெச்சாங்கன்னு கண்டுபிடிச்சு, லேபிளைச் சரி பண்ணி, திரும்ப ஆன் பண்ணோம். சரி பண்ண வேண்டியிருந்தது மொத்தம் நாலே ஃபைல். அதுக்காக ரெண்டு வருஷம் ஆஃப்ல இருந்திருக்கு.

இப்போ இது எங்கெல்லாம் இருக்கு? உங்க ஃபோன்ல இருக்கு. 2014-ல வந்த ஆண்ட்ராய்டு 5-லேர்ந்து எஸ்இ-லினக்ஸ் முழுசா ஆன். 2019-ல வந்த டெபியன் 10-லேர்ந்து ஆப்-ஆர்மர் தானாவே ஆன். நம்ம சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான்.

இந்த வேலிக்கும் ஒரு எல்லை உண்டு. லேபிளைப் பார்க்கிறது கெர்னல். கெர்னல்லயே ஓட்டைன்னா காவலாளியே விலை போன மாதிரி. அதுக்கும் கீழ, 2018 ஜனவரியில வெளிய வந்த மெல்ட்டவுனும் ஸ்பெக்டரும் பிராசசருக்குள்ளேர்ந்தே தகவலைக் கசிய விட்டது. அங்க ஃபைலே திறக்கறதில்லை, அதனால லேபிளுக்கு வேலையே இல்லை. அந்தக் கதை அடுத்த எபிசோடுல.