எலும்பு ஸ்கேன் எதை அளக்கிறது? புராஸ்டேட் புற்றுநோய்ப் பரவலைக் கண்காணிக்கும் அணுமருத்துவப் படிமங்கள் குறித்து

கபோசான்டினிப் என்ற மாத்திரை புராஸ்டேட் புற்றுநோயில் எழுப்பிய நம்பிக்கையும் அது சரிந்த விதமும் அணுமருத்துவத் துறையில் போதிய அளவு பேசப்படவில்லை. 2013-இல் வெளியான அதன் இரண்டாம் கட்ட ஆய்வில், ஸ்கேன்களை ஒப்பிட முடிந்தவர்களுள் 68 விழுக்காட்டினருக்கு எலும்பு ஸ்கேன் தேறியிருந்தது. 12 விழுக்காட்டினருக்குக் கரும்புள்ளிகள் அடியோடு மறைந்தன. புற்றுநோய் மருத்துவத்தில் இப்படிப்பட்ட படங்கள் அரிது. பின்னர் 1028 பேரைக் கொண்டு காமெட்-1 என்ற மூன்றாம் கட்ட ஆய்வு நடந்தது. 12-ஆம் வாரத்தில் கபோசான்டினிப் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்கு ஸ்கேன் தேறியது; பிரெட்னிசோன் மட்டும் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினருக்கே தேறியது. ஆனால் உயிர்வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு முன்னவருக்கு 11.0 மாதம், பின்னவருக்கு 9.8 மாதம். புள்ளியியலின்படி இது வேறுபாடே அல்ல.

இதற்கு நேர்மாறான நிகழ்வு இன்னும் பழையது. சிகிச்சை பலிக்கத் தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் சிலருக்கு எலும்பு ஸ்கேன் மோசமாகிறது. பழைய புள்ளிகள் அடர்கின்றன, முன்பு தெரியாத இடங்களில் புதியவை முளைக்கின்றன. அதே வேளையில் வலி தணிகிறது, இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்னும் புராஸ்டேட் புரதத்தின் அளவு இறங்குகிறது. ஆறாம் மாத ஸ்கேனில் புள்ளிகள் மங்கிவிடுகின்றன. கோல்மனும் அவருடைய உடனாய்வாளர்களும் 1988-இலேயே மார்பகப் புற்றுநோயில் இதைச் சிகிச்சை வெற்றியின் முன்னறிகுறியாகக் காட்டினார்கள். அபிரேட்டரோன் என்ற புராஸ்டேட் புற்றுநோய் மருந்து வந்தபின் இது மீண்டும் பரவலாகக் கண்ணில்பட்டது.

படம் தேறியபோது ஆயுள் கூடவில்லை. படம் கெட்டபோது நோய் குறைந்துகொண்டிருந்தது. இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்த பிழைகள் என்றும், அந்த வேரைப் புரிந்துகொள்ளாமல் கூடுதல் நுண்மையுள்ள கருவிக்குத் தாவினால் அதே பிழையைப் புதிய பெயரில் செய்வோம் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

எலும்பு ஸ்கேனில் நரம்பு வழியாகச் செலுத்தப்படுவது டெக்னீசியம்-99எம் இணைந்த எம்.டி.பி. என்னும் டைபாஸ்போனேட் வகைச் சேர்மம். எலும்பின் கனிமப் படிகங்கள் புதிதாக உருவாகும் பரப்புகளில் அது ஒட்டிக்கொள்கிறது. எஞ்சியது சிறுநீரில் வெளியேறுகிறது. ஊசி போட்டபின் இரண்டு முதல் நான்கு மணி நேரம் காத்திருக்கச் சொல்வதும், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் அதற்காகத்தான். ஒட்டும் அளவை இரண்டு தீர்மானிக்கின்றன: அவ்விடத்துக்கு வரும் இரத்த ஓட்டம், அங்கே எலும்பாக்கச் செல்கள் வேலை செய்யும் வேகம். புற்றுநோய்ச் செல் இந்தக் கணக்கில் நேரடியாக எங்கும் இல்லை. அது எலும்பைக் குலைக்கிறது. குலைந்த எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ள முயல்கிறது. அந்த முயற்சியைத்தான் காமா கேமரா படமெடுக்கிறது. தெருவில் நின்று ஒரு வீட்டில் எத்தனை கொத்தனார்கள் வேலை செய்கிறார்கள் என்று எண்ணுவதைப் போன்றது இது. வீடு இன்னும் இடிந்துகொண்டிருப்பதால் ஆள் கூடியிருக்கிறதா, இடிப்பு நின்றதால் பழுதுபார்க்கத் திரண்டிருக்கிறார்களா என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது.

புராஸ்டேட் புற்றுநோயில் எலும்பாக்கம் மிகுதி என்பதால் இந்த மறைமுக அளவை பெரும்பாலும் கைகொடுக்கிறது. எலும்பை அரித்துச் செல்லும் மல்டிபிள் மைலோமாவில் அதே ஸ்கேன் பல வேளை வெறுமையாகவே வருவதன் காரணமும் இதுதான். கபோசான்டினிப் தடுக்கும் மெட், வி.இ.ஜி.எஃப்.ஆர்.-2 ஏற்பிகள் புற்றுநோய்ச் செல்லில் மட்டும் இல்லை. எலும்பாக்கச் செல்லிலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் அவை இயங்குகின்றன. ஸ்கேனைக் கறுப்பாக்கும் இரண்டு காரணிகளையும் அம்மருந்து தானே தொட்டுவிடுகிறது. அப்படியிருக்க, படம் வெளுத்ததை மட்டும் வைத்து நோய் ஒடுங்கியதாக எப்படி முடிவுகட்டுவது?

எலும்பு ஸ்கேனில் பயன்படும் எம்.டி.பி.யின் வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960-களின் தொடக்கத்தில் எலும்பைப் படமெடுக்க ஸ்ட்ரான்சியம்-85 பயன்பட்டது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 65 நாள் என்பதால் மிகச் சிறிய அளவே கொடுக்க முடிந்தது. 1962-இல் பிளாவ் குழுவினர் புளோரின்-18-ஐ அறிமுகப்படுத்தினார்கள். 1971-இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் கோபால் சுப்பிரமணியனும் ஜான் மெக்காஃபியும் டெக்னீசியத்தைப் பாஸ்பேட்டுடன் இணைத்துக் காட்டினர். எம்.டி.பி.யையும் 1975-இல் அதே குழு முன்வைத்தது. டெக்னீசியத்தின் ஆறு மணி நேர அரைவாழ்வும், கேமராவுக்கு ஏற்ற 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரும் சேர்ந்து, முழு உடம்பின் எலும்புக்கூட்டையும் ஒரே அமர்வில் பார்ப்பதை அன்றாட வேலையாக்கின. அரை நூற்றாண்டு கழிந்தும் இந்த முறை விலை மலிவாலும் எளிமையாலும் நிலைத்திருக்கிறது.

ஸ்கேன் நிலைத்தாலும் அதைப் படிக்கும் விதி எளிதில் அமையவில்லை. கட்டிகளின் அளவை வைத்துச் சிகிச்சைப் பலனை மதிப்பிடும் ரெசிஸ்ட் விதிகள் 2000-இல் வந்தபோது, எலும்புப் பரவலை அளவிட முடியாதவற்றின் பட்டியலில் தள்ளின. 2009-இன் திருத்தத்திலும் எலும்பு அரிப்போடு போதிய அளவு மென்திசுக் கட்டி இருந்தால் மட்டுமே விலக்கு. ஈரலிலுள்ள கட்டி சுருங்கினால் அளவுகோல் காட்டும். எலும்பில் நோய் அடங்கினால் அந்த இடம் சுண்ணாம்பேறி முன்னைவிடத் துலக்கமாகத் தெரியும். எனவே புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வாளர்களுக்குத் தனி விதி தேவைப்பட்டது. 2008-இல் அவர்களுடைய பணிக்குழு வகுத்ததும், 2016-இல் செம்மைப்படுத்தியதுமான அந்த விதியைத் துறையினர் 'இரண்டும் இரண்டும்' என்பார்கள். சிகிச்சைக்குப் பிந்திய முதல் ஸ்கேனில் குறைந்தது இரண்டு புதிய புள்ளிகள் தோன்றினாலும் உடனே நோய் முற்றியதாகக் கொள்ளக்கூடாது. ஆறு வாரமாவது கழித்து எடுக்கும் அடுத்த ஸ்கேனில் மேலும் இரண்டு புதியவை வந்தால் மட்டுமே அது முற்றல். வராவிட்டால் அந்த முதல் ஸ்கேனே இனிமேல் ஒப்பிடுவதற்கான அடிப்படை.

இவ்விதியின் அறிவுக்கூர்மைக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். கருவியை மாற்றாமல், படத்தின் தெளிவைக் கூட்டாமல், காலத்தை மட்டும் சேர்த்து அது ஒரு பெருங்குழப்பத்தைத் தீர்த்தது. பழுதுபார்ப்பில் எழும் புள்ளிகள் ஒரே வீச்சில் எழுந்து நின்றுவிடும். உண்மையான பரவல் தொடர்ந்து புதியவற்றைப் பெறும். இந்த வேறுபாடு ஒற்றைப் படத்தில் தெரியாது. அபிரேட்டரோனின் மூன்றாம் கட்ட ஆய்வொன்று இவ்விதியைத் தழுவி நோய் முற்றாக் காலத்தை இணை முதன்மை அளவையாக வைத்தது. பின்னர் நடந்த பகுப்பாய்வில் அக்காலம் ஆயுட்காலத்தோடு ஒத்துப்போனது தெரியவந்தது. கபோசான்டினிப் ஆய்வில் கைவிட்ட அதே ஸ்கேன் இங்கே கைகொடுத்தது கவனிக்கத்தக்கது. அங்கே புள்ளிகள் வெளுப்பதை வெற்றியாகக் கொண்டார்கள். இங்கே புதிய புள்ளிகள் பிறப்பதைத் தோல்வியாகக் கொண்டார்கள். எலும்பு ஸ்கேனில் மேம்பாட்டைப் படிப்பதைவிட முற்றலைப் படிப்பதே பாதுகாப்பானது.

விதிக்குக் குறைகளும் உண்டு. இருக்கும் புள்ளி பெருத்தாலும் அது கணக்கில் கொள்ளாது. எலும்புக்கூடு முழுவதும் கறுத்து, சிறுநீரகங்கள் மங்கி மறையும் 'சூப்பர் ஸ்கேன்' நிலையில் புதிய புள்ளியை எண்ண இடமே இல்லை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 1998-இல் உருவான எலும்பு ஸ்கேன் குறியெண் இதற்கு ஒரு மாற்று. பாதிக்கப்பட்ட பகுதி மொத்த எலும்பு எடையில் எத்தனை விழுக்காடு என்று அது கணக்கிடுகிறது. இன்று கணினியே அதைச் செய்கிறது. ஆனால் அதுவும் எலும்பாக்கத்தைத்தான் எண்ணாக்குகிறது. முதல் மூன்று மாதத்தில் அது ஏறினால் அதே ஐயம் திரும்பவும் எழும்.

இன்று துறையின் பார்வை பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பத்து மையங்களில் 302 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான புரோபிஎஸ்எம்ஏ ஆய்வில் அதன் துல்லியம் 92 விழுக்காடு; சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்த வழக்கமான முறைக்கு 65 விழுக்காடு. கதிர்வீச்சு ஏற்பும் பாதிக்குக் குறைவு. இந்த முடிவை மறுக்க யாரும் இல்லை, மறுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆய்வு கேட்டது, புதிதாக நோய் கண்டறியப்பட்ட, ஆபத்து மிகுந்தவர்களிடம் நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதை. சிகிச்சையின்போது நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது வேறு கேள்வி. ஒன்றின் விடையை மற்றதற்கு மாற்றிக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவருகிறது.

பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேன் புற்றுநோய்ச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தைக் காண்கிறது. ஆண் ஹார்மோனைத் தடுக்கும் சிகிச்சை தொடங்கியதும் சில செல்களில் அப்புரதம் முதலில் கூடலாம். அப்போது மருந்து பலிக்கும்போதே படம் ஒளிரும். நோய் நரம்பு நாளமில்லாச் சுரப்புச் செல்களின் இயல்பை எடுத்துக்கொள்ளும் பிற்கால நிலையிலோ அப்புரதம் குன்றிவிடுவதுண்டு. அப்போது நோய் வளரும்போதே படம் இருளும். புளோரின் ஏற்றிய பி.எஸ்.எம்.ஏ.-1007 போன்ற சில மருந்துகள் விலா எலும்புகளில் பொருளற்ற புள்ளிகளைக் காட்டுவதும் அறியப்பட்டதே. எலும்பு ஸ்கேனில் சந்தித்த சிக்கல் வேறு மூலக்கூறின் வடிவில் திரும்ப வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை உணர்ந்துதான் 2022-இல் ரெசிப் என்ற விதிமுறை முன்மொழியப்பட்டது. நோயுற்ற மொத்தக் கனஅளவு 20 விழுக்காடாவது கூடி, புதிய புள்ளிகளும் தோன்றினால்தான் அது முற்றல். ஒற்றை அடையாளத்தை நம்பாமல் இரண்டை இணைக்கக் கேட்பதில் பழைய எலும்பு ஸ்கேன் விதியின் சாயல் தெளிவாகத் தெரிகிறது.

இடைக்காலத்தில் நடைமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்று எழுதப்படும் பெரும்பாலான மருந்துகளின் பயன், எலும்பு ஸ்கேனையும் சி.டி.யையும் வைத்து நோய் முற்றலை வரையறுத்த ஆய்வுகளில் நிறுவப்பட்டது. அந்த மருந்தைப் பெறும் ஒருவரை நடுவழியில் பி.எஸ்.எம்.ஏ.க்கு மாற்றினால், எப்போதும் இருந்து இப்போதுதான் கண்ணில்பட்ட சிறு புள்ளி, புதிதாகப் பிறந்ததாகத் தோன்றி மருந்து நிறுத்தப்படக்கூடும். தொடக்கத்தில் எந்த ஸ்கேன் எடுக்கப்பட்டதோ, அதே வகையில், கூடுமானால் அதே கேமராவில், அடுத்ததையும் எடுக்க வேண்டும். ஸ்கேன் அறிக்கையின் முதல் வரியிலேயே மருந்தின் பெயரும் அது தொடங்கிய தேதியும் இடம்பெற வேண்டும். இரண்டாம் மாதத்துப் புதிய புள்ளிக்கும் பத்தாம் மாதத்துப் புதிய புள்ளிக்கும் பொருள் வேறு என்பதால், அந்தத் தேதி இல்லாத அறிக்கையைக் கொண்டு மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க முடியாது.