பிரட்டுக்களத்தில் ஓர் இரும்பு மனிதன்

அட்டை போன சித்திரக்கதைக்கு ஊர், பேர் கண்டுபிடிக்க உள்ளே இருக்கும் பெயர்கள்தான் துணை. இலங்கை மலையகத்தின் ராகலைத் தோட்டத்தில் ஓர் அண்ணன் எடுத்துக் காட்டிய புத்தகத்தில் முன்பக்கங்களும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. தாளைக் கோத்த கம்பி துருவேறி அதைத் தின்றிருந்தது. நடுவில் மட்டும், ஆட்களைவிட உயரமாய் ஒரு ரோபோ. கூட இரண்டு பேர்: விக்டர், தாம்சன்.

அந்த இரண்டு பெயர்கள் போதும், நேரே சிவகாசிக்குக் கொண்டுபோய் விடும். எஸ். விஜயன் ஆசிரியராக இருக்கும் சிவகாசி லயன் காமிக்ஸ் 1984 ஜூலையில் தொடங்கியது. அதே ஆண்டு 'இரும்பு மனிதன்' என்ற இதழில் இந்த ரோபோ, ஆர்ச்சி, தமிழ் பேசத் தொடங்கிவிட்டான். மூலம் பிரிட்டனின் லயன் வார இதழ், 1952 பிப்ரவரி 23. எழுதியவர் ஜார்ஜ் கோவன்; பல ஆண்டுகள் வரைந்தவர் டெட் கீரன். அங்கே ஆர்ச்சியோடு திரிந்தவர்கள் டெட் ரிச்சியும் கென் டேலும். சிவகாசியில் பெயர் மாறிய இந்த இருவரால்தான் என் வேலை சுலபமானது.

காலத்தைக் கணிக்க இன்னொரு தடயம் கிடைத்தது. கிழிந்த பக்கமொன்றில் கோட்டை வடிவில் ஒரு கால எந்திரம் நிற்கிறது. ஆரம்ப காலக் கதைகளில் ஆர்ச்சி வாய் திறப்பதில்லை. கையடக்கப் பெட்டியின் விசைகளை யாராவது அழுத்தினால்தான் அசைவான். குரலும் தற்பெருமையும் கோட்டை எந்திரமும் அறுபதுகளில் வந்து சேர்ந்தவை. ஆக, ராகலைப் புத்தகம் வாயாடி ஆர்ச்சியின் கதை.

இங்கேதான் எனக்குக் கணக்கு இடித்தது. அண்ணன் விவரித்த விளையாட்டில் பெட்டி இருந்தது. நெருப்புப்பெட்டியில் நூல் கட்டி ஒருவன் பிடித்துக்கொள்வானாம். மலிபன் பிஸ்கட் தகரத்தில் கண்ணுக்கு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்து, அம்மா கொழுந்தெடுக்கும்போது கட்டும் படங்கை மார்பில் சுற்றிக்கொண்டு இன்னொருவன் இரும்பாக நிற்பான். மூன்றாமவன் கதை சொல்வான். எல்லாம் தோட்டத்து ஆட்களைக் கூட்டும் பிரட்டுக்களத்தில், ஞாயிறு பகலில்.

"புத்தகத்தில் பெட்டியே இல்லையே அண்ணன்?" என்றேன்.

"அது புத்தகத்துல வந்தது இல்ல தம்பி. கணக்கப்பிள்ள கையில செக்ரோல் இருக்கும்ல, அதப் பாத்துத்தான் செஞ்சோம்" என்றார்.

1952இன் பெட்டியைத் தேடிப் பழைய இதழ்களின் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்தவனுக்கு விடை தோட்டத்திலேயே கிடைத்தது. காலையில் செக்ரோலில் பேர் பதிந்து, ஆளை மலைக்கு மலை பிரித்து அனுப்பும் அதே இடத்தில் பிள்ளைகள் ஓர் எந்திரத்தை நகர்த்தியிருக்கிறார்கள். புத்தகம் வந்த வழியில் மர்மம் எதுவும் இல்லை. 1977க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. கொழும்புக் கடையில் வேலை பார்த்த மாமா தீபாவளிக்கு வரும்போது கட்டாகக் கொண்டுவந்தார்.

1984ஆம் ஆண்டை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளுக்கு வழி திறந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளியானது. பத்தாண்டு கழித்து, அமெரிக்காவில் ராட்சத ரோபோக்களுக்கென்றே இரண்டு ஆட்டங்கள் வந்தன: மைக் பாண்ட்ஸ்மித்தின் மெக்டன், சிகாகோவின் ஃபாசா நிறுவனம் வெளியிட்ட பேட்டில்ட்ராய்ட்ஸ். 'ட்ராய்ட்' என்ற சொல்லுக்கு லூகாஸ்ஃபிலிம் உரிமை கோரவே, இரண்டாவது ஆட்டம் அடுத்த ஆண்டு பேட்டில்டெக் ஆனது. அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், இரண்டு பகடை. ஓயாமல் சுட்டால் எந்திரம் சூடேறி நின்றுவிடும். எனக்குப் பிடித்த விதி அந்தச் சூடுதான். வெறும் அடிதடியை அது கணக்கு வழக்காக்கிவிடுகிறது.

அங்கே ஆடுபவர் ரோபோவுக்குள் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறார். ராகலையிலோ ஓட்டுபவன் வெளியே நின்றான். உள்ளே இருந்தவன் இன்னொரு பையன். அவனுக்கும் வாய் உண்டு. பெட்டிக்காரன் "பாலத்தைத் தூக்கு" என்றால், இரும்பு தன் வீரப் பிரதாபத்தைச் சொல்லி மறுக்கலாம். உடனே ஒரு பக்கம் உரசித் தேய்த்த நான்கு புளியங்கொட்டைகள் உருளும். வெள்ளை அதிகம் விழுந்தால் இரும்பு சொன்னது நிற்கும். கறுப்பென்றால் பாலத்தைத் தூக்கியே ஆகவேண்டும். சரிக்குச் சரி விழுந்தால் முடிவு கதைக்காரனுடையது. ஒரே கதையில் இரண்டு முறை மறுப்பு வாங்கிய பெட்டிக்காரன், நூலை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு தகரத்துக்குள் தலையை விடவேண்டும்.