திரை எழுப்பிய வினாவும் தோட்டத்துப் பெண்ணும்

வரலாறு என்பது அரசர்களையும் போர்களையும் மட்டும் கூறுவதன்று. ஒரு காலத்து மக்கள் எவ்வினாக்களை எழுப்பத் துணிந்தனர் என்பதையும் கூறுவதாகும். அவ்வகையில், பலரும் மறந்துவிட்ட சில தமிழ்த் திரைப்படங்களும் வரலாற்றுச் சான்றுகளே.

1966இல் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையில், மழைநாளில் அறியாதவனால் கெடுக்கப்பட்ட மகளைத் தாய் நீராட்டி ஏற்றுக்கொள்கிறாள். கற்பு உள்ளத்தைச் சார்ந்ததா, உடலைச் சார்ந்ததா என்ற பெரும் விவாதம் எழுந்தது. அத்தாய் ஏற்றிராவிடில் என்னாகும் என்ற எண்ணமே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் நாவலாயிற்று. அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. ஏ. பீம்சிங் அதனைப் படமாக்கினார். கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார்.

1978இல் ருத்ரய்யா இயக்கிய ‘அவள் அப்படித்தான்’ வெளிவந்தது. விளம்பர நிறுவனத்தில் பணியாற்றும் மஞ்சு, ஆடவரால் பலமுறை ஏமாற்றப்பட்டும் தன் விருப்பத்தையும் வெறுப்பையும் மறைக்காதவள். பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருண்கூட அவளை முழுமையாகப் புரிந்துகொள்ளவில்லை. இறுதியில் வேறொருத்தியை மணக்கிறான். கறுப்பு வெள்ளையில் உருவான இப்படம் வெளியானபோது பெரிதாக ஓடவில்லை. காலம் செல்லச் செல்லவே மதிப்புப் பெற்றது.

இவ்வினா நகரத்துப் பெண்ணுக்கு மட்டும் உரியதா? கோலசிலாங்கூர் வட்டாரத்தை நோக்குவோம். 1917இல் நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டம் தோன்றிய தென்னமாரம் இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. இங்குள்ள தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தமிழ்ப் பெண், மஞ்சு பிறக்கும் முன்னரே உழைத்துக் கூலி பெற்றவள். ஆயினும், பொருளீட்டியவள் தன் வாழ்வுக்குத் தானே உரியவளாக இருந்தாளில்லை. கோயிலில் தாலி கட்டியதோடு பல திருமணங்கள் முடிந்தன. பதிவு கட்டாயமாக இல்லை. கணவன் இன்னொருத்தியை மணந்தாலும் சட்டம் தடுக்கவில்லை. கைவிடப்பட்டவளிடம் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை.

1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நாள் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதோருக்கு ஒருதார மணமும் பதிவும் கட்டாயமாயின. மனைவி என்ற உரிமைக்கு எழுத்து வடிவில் சான்று பிறந்தது.

எனினும், சட்டம் தந்தது பாதி விடையே. உரிமை ஏட்டில் எழுதப்பட்ட பின்னும், ‘அவள் அப்படித்தான்’ என ஒரு பெண்ணைத் தள்ளிவைக்கும் நாவு அடங்கிவிடவில்லை. மீதி விடையைக் கூற வேண்டியவை இல்லமும் வகுப்பறையுமே.