நிலமும் பொழுதும்: கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறையின் வரலாறு

முன்னுரை

தொல்காப்பியம் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகப் பகுக்கிறது. ஒரு திணையின் வாழ்க்கை எந்த இடத்தில், எந்தக் காலத்தில் நிகழ்கிறது என்பதே ஏனைய அனைத்துக்கும் அடிப்படை என்பது அதன் கருத்து. நெய்தல் நிலமாகிய கடலையும் அதன் வளத்தையும் சட்டத்தால் காக்க முற்பட்ட இன்றைய அரசுகளும் இவ்விரு கூறுகளையே கருவிகளாகக் கொண்டன. எங்கே மீன் பிடிக்கலாம் என்பது ஒன்று. எப்போது பிடிக்கலாம் என்பது மற்றொன்று. பழைய சேர நாட்டுக் கடற்கரையை உள்ளடக்கிய கேரளத்தில், முதலில் நிலத்தைப் பகுத்த சட்டம் தளர்ந்ததையும், பின்னர்ப் பொழுதைப் பகுத்த சட்டம் நிலைத்ததையும், அதன் காரணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இயந்திரமயமும் இறால் ஏற்றுமதியும்

கேரளக் கடற்கரையில் மீன்பிடி ஒழுங்கு புதிதாகத் தோன்றியதன்று. வட கேரளத்தின் கடற்கரையூர்களில் ‘கடக்கோடி’ எனப்பட்ட கடல் மன்றங்கள் இயங்கின. ஊர்ப் பெரியோர் கோயில் வளாகத்தில் கூடி, வலைகளால் எழும் பிணக்குகளைத் தீர்த்தனர். முறை மீறியோருக்குத் தண்டம் விதித்தனர். ஒருவரையொருவர் அறிந்த சமூகத்துக்குள் இம்முறை செயல்பட்டது. வெளியிலிருந்து வரும் மூலதனத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை.

அம்மூலதனம் 1950களில் வந்தது. இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் 1952ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்திற்கு அருகிலுள்ள நீண்டகரை, சக்திகுளங்கரை ஊர்களில் மறுஆண்டு இந்திய-நார்வே திட்டம் தொடங்கப்பட்டது. மீனவர் வாழ்வை உயர்த்துவதே அதன் முதல் நோக்கம். ஆனால், 1953இல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானதோடு வேறொரு பாதை திறந்தது. இறாலுக்குக் கிடைத்த விலை, கடலடியை வாரிச் செல்லும் இழுவை வலையின்பால் முதலீட்டாளரை ஈர்த்தது. மீனவச் சமூகத்தைச் சாராதோரும் விசைப்படகு உரிமையாளராயினர்.

இறால் ஆழ்கடலில் மிகுதியாக வாழ்வதன்று. கரையை அடுத்த ஆழமற்ற பகுதியே அதன் இருப்பிடம். நாட்டுப்படகுகளும் கட்டுமரங்களும் தொழில் செய்த இடமும் அதுவே. எனவே விசைப்படகு ஆழ்கடலுக்குச் செல்லும், நாட்டுப்படகு கரையோரத்தில் நிற்கும் என்ற எதிர்பார்ப்பு தொடக்கத்திலேயே பொய்த்தது. 1973இல் ஏறத்தாழ நாலரை லட்சம் டன்னாக இருந்த கேரளத்தின் கடல்மீன் வரத்து, 1980இல் மூன்று லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. வலைகள் அறுபட்டன, படகுகள் மோதின, கடலில் தொடங்கிய சண்டை கரையிலும் பரவியது.

நிலத்தைப் பகுத்த சட்டம்

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் அடங்கும்; ஆட்சி எல்லைக் கடலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு மட்டும் ஒன்றியப் பட்டியலுக்குரியது. 1976ஆம் ஆண்டுக் கடல் மண்டலச் சட்டம் ஆட்சி எல்லையை 12 கடல் மைல் எனவும், தனிப் பொருளாதார மண்டலத்தை 200 கடல் மைல் எனவும் வரையறுத்தது. அதே ஆண்டில் ஒன்றிய அரசு அமைத்த மஜும்தார் குழுவின் ஆய்வைத் தொடர்ந்து, மாநிலங்களுக்கு மாதிரிச் சட்ட வரைவு ஒன்று அனுப்பப்பட்டது. அதனடியாகப் பிறந்ததே 1980ஆம் ஆண்டுக் கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம்.

கட்டுப்பாடுகள் விதிக்கும்போது அரசு கருத்திற் கொள்ள வேண்டியவற்றை இச்சட்டம் வரிசைப்படுத்துகிறது. மீனவருள் பல்வேறு பிரிவினரின், குறிப்பாக மரபுவழிக் கலங்களைப் பயன்படுத்துவோரின் நலனைக் காத்தல் முதலில் வருகிறது; மீன்வளத்தைப் பேணுதல் அடுத்து வருகிறது; கடலில் சட்டம் ஒழுங்கைக் காத்தலும் உடன் கூறப்படுகிறது. மீனைக் காக்கும் சட்டமாக மட்டுமன்றி, மீனவருக்கிடையே வளத்தைப் பகிர்ந்தளிக்கும் சட்டமாகவும் இது அமைந்தது என்பதற்கு இவ்வரிசையே சான்றாகும்.

இச்சட்டத்தின்கீழ்க் கரையோரப் பகுதி நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது. விசைப்படகுகள் அதற்கு அப்பால் செல்ல வேண்டியிருந்தது. நடைமுறையில் இவ்வெல்லை காகிதத்தில் நின்றது. கடலில் வரப்பு இல்லை. இரவில் எல்லைக்குள் வந்த படகு எந்த இடத்தில் வலை இழுத்தது என்பதை மெய்ப்பிப்பது அக்கால ரோந்து வசதிகளுக்கு எளிதன்று. இறாலோ எல்லைக்கு உள்ளேயே இருந்தது. சட்டத்தை மீறினால் வருவாய், மதித்தால் இழப்பு என்ற நிலையில் கோடு தானே நிற்க வழியில்லை.

பொழுதைப் பகுத்த சட்டம்

நாட்டுப்படகு மீனவரின் கோரிக்கை வேறு திசையில் வளர்ந்தது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அடிக்கடல் நீர் மேலெழுந்து கரையோரத்தில் உணவுச் செறிவை உண்டாக்குகிறது. பல மீனினங்கள் முட்டையிடுவதும் அக்காலத்திலேயே. அப்பொழுது இழுவை வலையை முற்றாகத் தடை செய்ய வேண்டும் என்பது அவர்தம் வாதம். கேரள சுதந்திர மத்ஸ்ய தொழிலாளி பெடரேஷன் என்னும் அமைப்பு 1980களில் உண்ணாநிலை, மறியல் எனப் போராட்டங்களை நடத்தியது. பாதிரியார் தாமஸ் கோச்சேரி முதலானோர் அவற்றில் முன்னின்றனர். பெண்களும் கன்னித் துறவியரும் பங்கேற்றனர்.

எதிர்வாதமும் வலுவாக இருந்தது. நீண்டகரைக் கடலில் மழைக்காலத்தில் ‘கரிக்காடி’ எனும் இறால் பெருமளவில் கிடைக்கும். அதனை அப்போதே பிடிக்காவிடில் பின்னர்க் கிடைக்காது என்றனர் விசைப்படகு உரிமையாளர். அறிவியலாளரிடையேயும் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. 1980களில் பாபு பால் குழு, களாவர் குழு, பாலகிருஷ்ணன் நாயர் குழு என மூன்று குழுக்கள் அடுத்தடுத்து அமைந்தமை இதனைக் காட்டும். இவற்றுள் மூன்றாவது குழு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இழுவை வலைக்கு முழுத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. அரசு முழுச் சான்றுக்குக் காத்திருக்கவில்லை. 1988இல், நீண்டகரைக்கு விலக்களித்து, மழைக்காலத் தடை நடைமுறைக்கு வந்தது. பின்வந்த ஆண்டுகளில் அவ்விலக்கு நீங்கியது. தடை நாள்கள் கூடியும் குறைந்தும் வந்து, பின்னர் 45 நாள் அளவில் நிலைபெற்றன.

நீதிமன்றமும் இவ்வழியை ஏற்றது. சுருக்கு வலை உள்ளிட்ட சில வலைகளை ஆட்சி எல்லைக் கடலில் தடை செய்த 1984ஆம் ஆண்டு அறிவிக்கைகள் குறித்த வழக்கில் (கேரள அரசு எதிர் ஜோசப் ஆன்டனி, 1993), தொழில் உரிமைமீது பொதுநலன் கருதிக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும், நலிந்த மீனவரின் வாழ்வாதாரம் அப்பொதுநலனின் பகுதியே என்றும் உச்ச நீதிமன்றம் கொண்டது. 1994இல் மழைக்கால இழுவைத் தடையையும் அது உறுதி செய்தது.

நிலத்தால் இயலாதது பொழுதால் இயன்றதற்குக் காரணம் எளிது. கடலின் எல்லையைக் கண்காணிக்கப் பல கலங்கள் வேண்டும். துறைமுகத்தின் வாயிலைக் கண்காணிக்கச் சிலர் போதும். நீண்டகரையில் தடை தொடங்கும் நள்ளிரவில் பாலத்தின் தூண்களுக்கிடையே சங்கிலி கட்டப்படுகிறது. உட்பகுதியில் நிற்கும் இழுவைப் படகு கடலுக்குள் செல்ல வேறு வழியில்லை. மீறலை அளந்து மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தடைக்காலத்தில் ஒரு படகு புறப்பட்டதே மீறலாகும். தடை எல்லா இழுவைப் படகுக்கும் ஒன்றாக இருந்தமையால், ஒருவர் விட்டதை மற்றொருவர் பிடித்துவிடுவார் என்ற அச்சமும் குறைந்தது. வேலையிழந்த தொழிலாளருக்கு வழங்கப்பட்ட இலவச அரிசியும் அதன் ஏற்புக்குத் துணை செய்தது.

தடையின் எல்லைகள்

எனினும் பொழுதைப் பகுத்தமை எல்லாச் சிக்கலையும் தீர்க்கவில்லை. இழுவைப் படகை எதிர்த்த நாட்டுப்படகுத் துறையே இதற்கிடையில் மாறிவிட்டது. 1980களில் வெளிப்பொருத்து இயந்திரங்கள் பரவின. ரிங் சீன் எனப்படும் பெரிய வளைய வலை மரபுவழி மீனவரிடமே வேரூன்றியது. 1984இல் தடை செய்யப்பட்ட வலைகளுள் அதுவும் ஒன்று. மழைக்காலத்தில் மேல்நீர் மீன்களைப் பிடிக்கும் மரபுவழி மீனவரின் உரிமைக்கு 2007ஆம் ஆண்டுத் தனிச்சட்டம் பாதுகாப்பளித்தது. ‘மரபுவழி’ என்ற சொல் கலத்தின் வகையைக் குறிக்கிறதா, அதனைச் செலுத்தும் மக்களைக் குறிக்கிறதா என்னும் வினா இதனால் எழுந்தது.

இவ்வினாவைக் கூர்மையாக்கியது மத்தி மீன். கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் மூவாயிரத்துச் சொச்சம் டன்னாகச் சுருங்கியது. கடல் வெப்பமும் சூழல் மாற்றமும் இதற்கு முதன்மைக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. மீன்தூள் ஆலைகளுக்காகக் குஞ்சு மீன்கள் பிடிக்கப்படுவது பற்றியும் கவலை மிகுந்தது. எனவே 2015இல் கேரளம் பிடிக்கத்தக்க மீனின் குறைந்த அளவை வரையறுத்தது: மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. நிலம், பொழுது என்னும் முதற்பொருளைப் பகுத்துவந்த சட்டம், இங்கே கருப்பொருளாகிய மீனையே அளக்கத் தொடங்கியது. 2018இல் மழைக்கால இழுவைத் தடை 52 நாளாக நீட்டிக்கப்பட்டது.

முடிவுரை

கேரளத்தின் பட்டறிவு மூன்று உண்மைகளைக் காட்டுகிறது. வள ஒழுங்குமுறை மீனின் கணக்கோடு முடிவதன்று. யாருக்கு எவ்வளவு என்னும் பங்கீட்டு வினா அதில் அடங்கியுள்ளது. நல்ல விதி என்பது நுட்பமான விதி அன்று. கண்காணிக்க இயன்ற விதி. மூன்றாவது, ஒரு தரப்பின்மீது மட்டும் விதிக்கப்படும் தடை, மறுதரப்பு வளருங்கால் தன் நியாயத்தை இழக்கத் தொடங்குகிறது. பாலத்தில் கட்டப்படும் சங்கிலி இழுவைப் படகைத் தடுத்துவிட்டது. ஆற்றல் மிகுந்த வளைய வலைக்கு அத்தகைய எல்லையை எவ்வாறு அமைப்பது என்பதை, கடக்கோடி மரபின் வழிவந்த மீனவச் சமூகமும் அரசும் சேர்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.